முகப்பு இல்லாத நவீனம்

மைசூர் என்றதும் அரண்மனை நினைவுக்கு வருகிறது. அதே மன்னர் காலத்தில் எழுந்த தொழிற்சாலைகளை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதுதான் அவற்றின் அதிர்ஷ்டம். ஆபத்தும் அதுவே.

விஜயதசமி நாளில் மைசூரின் ஜம்பு சவாரி அரண்மனையிலிருந்து கிளம்பி, சய்யாஜி ராவ் சாலையில் நகர்ந்து, மண்டி மொஹல்லாவின் ஓரமாக பன்னிமண்டபம் போய்ச் சேர்கிறது. தங்க அம்பாரியைச் சுமக்கும் யானையைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். ஊர்வலம் முடியும் அந்தப் பேட்டையில்தான் இந்திய வாக்காளர் ஒவ்வொருவரும் விரலில் ஏந்திய ஒரு பொருள் தயாராகிறது என்பது கூட்டத்தில் பலருக்குத் தெரியாது.

தேர்தல் மை. வெள்ளி நைட்ரேட் கலந்த இந்தத் திரவம் தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுத்தால் சோப்புக்கோ எண்ணெய்க்கோ மசியாது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மட்டும் 26 லட்சத்துக்கும் அதிகமான குப்பிகளுக்கு ஆர்டர். தயாரிப்பது கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். 1937இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கியபோது இதன் பெயர் மைசூர் அரக்கு மற்றும் பெயிண்ட் தொழிற்சாலை. காட்டில் கிடைத்த அரக்கை வண்ணப்பூச்சாகவும் முத்திரை மெழுகாகவும் மாற்றுவது அன்றைய வேலை. மை பின்னால் வந்தது.

1937 என்பது கவனிக்க வேண்டிய ஆண்டு. முதல் உலகப் போர் முடிந்து 19 ஆண்டுகள். இரண்டாவது தொடங்க இன்னும் இரண்டே ஆண்டுகள். இந்த இடைவெளியில்தான் உலகமெங்கும் தொழிற்சாலைக் கட்டடம் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறியது. கண்ணாடியும் கான்கிரீட்டும் எஃகும் கோயிலையும் அரண்மனையையும் விட்டுவிட்டு ஆலைக்குள் குடியேறின. அந்த அலையில் மைசூர் ராஜ்யமும் நனைந்தது. ஆனால் வேறு விதமாக.

மண்டியும் ஆலையும்

எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் புரிந்துகொள்ள மண்டி மொஹல்லாவிலிருந்தே தொடங்கலாம். மைசூரின் பழைய ஏழு மொஹல்லாக்களில் ஒன்று இது. மண்டி என்றால் மொத்த வியாபாரம் நடக்கும் இடம். இப்படிப்பட்ட பேட்டைகளின் கட்டட இலக்கணம் எளிமையானது. முன்னால் கடை, பின்னால் கிடங்கு, மாடியில் அல்லது பக்கத்தில் குடும்பம். மைசூரின் பெயர் பெற்ற பீடியும் ஊதுபத்தியும் இன்றைக்கும் பெருமளவில் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உருட்டப்படுபவை. சமையலுக்கும் சம்பாத்தியத்துக்கும் ஒரே கூரை. வேலை நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது.

தொழிற்சாலை இந்த முடிச்சை அவிழ்த்தது. வேலையை வீட்டிலிருந்து பிரித்து, மதில் எழுப்பி, வாசலில் சங்கு ஊதியது. வேறு எதற்கும் உதவாத, வேலைக்கு மட்டுமே ஆன ஒரு கட்டடம் என்பது அதுவரை நம் ஊர்களுக்கு அதிகம் பழக்கமில்லாதது. அது எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சாஸ்திரமும் இல்லை.

ஐரோப்பாவிலும் முதலில் இல்லைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆலை பல மாடிச் செங்கல் கட்டடம். காரணம் நீராவி. ஒரே ஒரு இயந்திரம் சுழன்று, நீண்ட இரும்புத் தண்டையும் தோல் வார்களையும் ஓட்டி, நூற்றுக்கணக்கான தறிகளுக்குச் சக்தி கொடுத்தது. சக்தி அதிக தூரம் போகாது. எனவே தறிகளை இயந்திரத்தை ஒட்டியே, மாடி மேல் மாடியாக அடுக்க வேண்டியிருந்தது.

மின்சாரம் வந்ததும் தண்டும் வாரும் போயின. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார். கட்டடம் இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. தரைமட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பரவலாம். சுமையைத் தூண்கள் தாங்கிக்கொண்டால் சுவருக்கு வேலையில்லை. அந்த இடத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிடலாம்.

போர்களுக்கு நடுவே எழுந்த ஆலைகள் இந்தச் சுதந்திரத்தைக் கொண்டாடின. இத்தாலியின் டூரின் நகரில் ஃபியட் நிறுவனத்தின் லிங்கோட்டோ ஆலை 1923இல் திறக்கப்பட்டபோது, கீழ்த்தளத்தில் நுழைந்த உதிரி பாகங்கள் ஐந்து மாடி ஏறுவதற்குள் காராகி, மொட்டை மாடியில் போடப்பட்ட ஓட்டப் பாதையில் சோதனை ஓட்டம் போயின. ஹாலந்தின் ரோட்டர்டாமில் வான் நெல்லே தொழிற்சாலை 1931இல் முடிந்தது. காலனி நாடுகளிலிருந்து கப்பலில் வந்த காபி, தேயிலை, புகையிலை பொட்டலமான இடம். காளான் போல மேலே விரியும் கான்கிரீட் தூண்கள், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பூட்ஸ் மருந்து நிறுவனத்துக்காக 1932இல் இதே பாணியில் ஓர் ஆலையைக் கட்டிய ஓவன் வில்லியம்ஸ் கட்டடக் கலைஞரே அல்ல, என்ஜினீயர்.

லண்டனில் மட்டும் கொஞ்சம் ஒப்பனை தேவைப்பட்டது. 1928இல் வந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலைக்கும், 1930களின் தொடக்கத்தில் வந்த ஹூவர் ஆலைக்கும் சாலையைப் பார்த்த பக்கம் எகிப்தியச் சாயலில் வண்ண ஓடு பதித்த முகப்பு. பின்னால் வழக்கமான கொட்டகை. இரண்டையும் வரைந்தது ஒரே நிறுவனம். கார் ஓட்டுபவர்களின் கண்ணில் பட வேண்டும் என்பது விளம்பரக் கணக்கு.

ஆக இரண்டு வழிகள் இருந்தன. ஆலையை அப்படியே வெளியே காட்டுவது ஒன்று. அதற்கு ஒரு முகப்பு போட்டு மறைப்பது இன்னொன்று. மைசூர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது. ஆலையை ஆலையாகவே விட்டுவிட்டு, ஒப்பனையை நகரத்துக்குச் செய்தது.

காவிரி கொடுத்த கரன்ட்

மைசூர் ராஜ்யத்துக்கு மின்சாரம்தான் முதலில் வந்தது. தொழிற்சாலை பிறகு. பாலக்காட்டுக்காரரான திவான் சேஷாத்ரி ஐயர் போட்ட திட்டப்படி 1902இல் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 147 கி.மீ. கம்பியில் ஓடி கோலார் தங்கவயலை அடைந்தது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1905இல் பெங்களூருக்கும் 1908இல் மைசூருக்கும் விளக்கு எரிந்தது. லண்டன் ஆலைகளில் பல இன்னும் நிலக்கரிப் புகையில் இருந்த காலம் அது.

1912 முதல் 1918 வரை திவானாக இருந்த எம். விஸ்வேஸ்வரய்யாவுக்கு இது போதவில்லை. "தொழில்மயமாகு, இல்லாவிட்டால் அழிந்துபோ" என்பது அவரது கோஷம். காந்தி இதற்கு நேர் எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். தனியார் முதலாளி இல்லாத ராஜ்யத்தில் அரசே முதலாளியாகட்டும் என்பது மைசூரின் பதில். 1912இல் சுவிட்சர்லாந்திலிருந்து விசைத்தறிகள் இறங்கி மானந்தவாடி சாலையில் பட்டு நெசவாலை தொடங்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு சந்தனக் கட்டை ஏற்றுமதி நின்றது. விற்க முடியாத கட்டையிலிருந்து இங்கேயே எண்ணெய் எடுக்க 1916இல் பெங்களூரிலும் 1917இல் மைசூரிலும் ஆலைகள் வந்தன. மைசூர் சாண்டல் சோப்பு அந்த நெருக்கடியின் குழந்தை. 1924இல் ரயில்வே பணிமனை. 1926 முதல் 1941 வரை திவானாக இருந்த மிர்சா இஸ்மாயில் காலத்தில் மண்டியாவில் சர்க்கரை, பத்ராவதியில் காகிதம், பெங்களூரில் பல்பு, மைசூரில் பெயிண்ட் என்று பட்டியல் நீண்டது.

இவற்றுக்குப் பின்னால் இருந்தது கிருஷ்ணராஜசாகர் அணை. 1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்த இந்த அணை தமிழ் வாசகர்களுக்கு வேறு காரணத்துக்காகப் பரிச்சயம். சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் இந்த அணையின் உயரத்துக்கும் மேட்டூரின் பிறப்புக்கும் வழிவிட்டது. மேட்டூர் வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. ஒரே ஆற்றில், ஒரே கையெழுத்தில் பிறந்த இரண்டு அணைகள். போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் மிகப் பெரிய தொழில்துறைக் கட்டடங்கள் தென்னிந்தியாவில் எவை என்று கேட்டால், எந்த ஆலையையும்விட இந்த இரண்டு சுவர்களைத்தான் காட்ட வேண்டும்.

கிருஷ்ணராஜசாகருக்கு மைசூர் செய்த காரியம் அதன் மனசைக் காட்டிவிடுகிறது. மதகும் பொறியும் நிறைந்த அணையின் காலடியில் மிர்சா இஸ்மாயில் பிருந்தாவனத் தோட்டம் போட்டார். காஷ்மீரின் ஷாலிமார் தோட்டம் முன்மாதிரி. படிப்படியாக இறங்கும் நீர், வண்ண விளக்கு, ஊற்று. பின்னாளில் தமிழ் சினிமா டூயட் பாடப் போன இடம். அணை முழுக்க முழுக்க என்ஜினீயரிங். மக்கள் பார்க்க வந்தது தோட்டம்.

நகரத்திலும் இதே கணக்கு. குவிமாடம், வளைவு, வட்டச் சந்திப்பு, சிலை, பூங்கா எல்லாம் மன்னரும் விருந்தினரும் போகும் சாலைகளுக்கு. ஹென்றி இர்வின் வடிவமைத்த அரண்மனை 1912இல் முடிந்தது. மண்டி மொஹல்லாவுக்குப் பக்கத்தில், அசோகா சாலையில், 1933இல் அதே மன்னர் அடிக்கல் நாட்டிய செயின்ட் ஃபிலோமினா தேவாலயம் இரண்டு கூர்கோபுரங்களோடு கோதிக் பாணியில் எழுந்தது. தேவாலயத்துக்கும் பெயிண்ட் தொழிற்சாலைக்கும் வயது வித்தியாசம் நான்கே ஆண்டுகள். ஒன்று ஐரோப்பாவின் பழைய கனவை இறக்குமதி செய்தது. இன்னொன்று புதிய கனவை. சுற்றுலாப் பயணிகளின் பஸ் எதன் வாசலில் நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

கூரையில் இருக்கிறது சூட்சுமம்

அப்படியானால் நம் ஊர் ஆலையில் நவீனம் எங்கே இருக்கிறது? சுவரில் தேடினால் கிடைக்காது. கூரையில் தேட வேண்டும்.

அந்தக் கால ஆலைகளை ரயிலிலிருந்து பார்த்தவர்களுக்கு ரம்பத்தின் பற்களைப் போன்ற கூரை ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் சரிவான ஓடு அல்லது தகரம், மறுபக்கம் கண்ணாடி. கண்ணாடி எப்போதும் வடக்கைப் பார்க்கும். பூமியின் வட பாதியில் சூரியன் தெற்குப் பக்கமாகவே பயணம் செய்வதால் வடக்கு ஜன்னல் வழியே வெயில் வராது. வெளிச்சம் மட்டும் வரும். நூல் அறுந்ததா என்று பார்க்கும் தறிக்காரருக்கும், சாயத்தின் நிறம் சரியா என்று பார்ப்பவருக்கும் நிழல் விழாத, கண் கூசாத வெளிச்சம். விளக்குச் செலவு மிச்சம். கட்டடம் எவ்வளவு அகலமானாலும் நடுவிலிருப்பவருக்கும் ஓரத்திலிருப்பவருக்கும் ஒரே அளவு.

இங்கிலாந்தில் பிறந்த இந்த உத்தியை மைசூருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இடிக்கும். மைசூர் நிலநடுக்கோட்டுக்கு 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் நிற்பது வடக்குப் பக்கம். அதாவது கோடையின் உக்கிரத்திலேயே வடக்குக் கண்ணாடியில் வெயில் இறங்கும். மான்செஸ்டரில் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் கூடுதல் வெளிச்சம். இங்கே சாய்த்து வைத்தால் உள்ளே அடுப்பு. விடை சிக்கனமானது. இந்த அட்சரேகையில் ஜூன் மாதத்திலும் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 11 டிகிரி மட்டுமே வடக்கே சாய்கிறது. கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் கூரையைச் சற்று நீட்டிவிட்டால் அந்த வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது.

கூரைக்கு மேல் போட 1865இலிருந்து மங்களூரில் பாசல் மிஷன் சுட்டுக்கொண்டிருந்த ஓடு இருந்தது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இந்த ஓட்டின் இடுக்குகளில் மழை இறங்காது. சூடான காற்று மட்டும் கசிந்து வெளியேறும். கீழே எஃகுத் தாங்கிகள், மேலே மங்களூர் ஓடு. பிரிட்டிஷ் உருக்கும் கர்நாடகக் களிமண்ணும் சேர்ந்த இந்தக் கலவையைத்தான் தென்னிந்தியத் தொழில்துறை பல பத்தாண்டுகள் போர்த்திக்கொண்டது. 1932இல் பைக்காரா மின்சாரம் இறங்கியதும் கோவையில் வரிசையாக முளைத்த நூற்பாலைகளுக்கும் இதே பிரச்சினைதான். அங்கே இன்னொன்றும் கூடுதல். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. காற்று வேண்டும், வறட்சி கூடாது. கட்டடக் கலை என்று யாரும் பெயர் வைக்காத இடத்தில் உட்கார்ந்து பெயர் தெரியாத என்ஜினீயர்களும் மேஸ்திரிகளும் போட்ட கணக்குகள் இவை.

ஐரோப்பிய பாணியின் அசல் வார்ப்பு இந்தியாவுக்கு வராமலும் இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் பாட்டா நிறுவனம் தன் சொந்த ஊரான ஸ்லின்னில் ஒரே அளவுத் தூண்கட்டங்களாக ஆலை, பள்ளி, கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கட்டியது. அங்கே 1938இல் முடிந்த தலைமை அலுவலகத்தில் முதலாளியின் அறையே ஒரு லிஃப்ட். உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த மாடிக்கும் போகலாம். அந்த நிறுவனம் 1934இல் கல்கத்தா அருகே ஹூக்ளிக் கரையில் அடிக்கல் நாட்டிய பாட்டாநகர், ஆலையும் குடியிருப்பும் ஒரே வரைபடத்தில் அமைந்த ஊர். தென் கோடியில் புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1937இல் தொடங்கிய கோல்கொண்டே விடுதி இன்னொரு அதிசயம். அன்டோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டவரின் வடிவமைப்பு. கான்கிரீட் கட்டடம், சுவருக்குப் பதில் திறந்து மூடும் பலகைகள், வெயிலைத் தடுத்து காற்றை அனுமதிக்கும் இரட்டைக் கூரை. அது தொழிற்சாலை அல்ல. ஆனால் தொழிற்சாலைக்குத் தெரிந்த பாடத்தைத் தங்குமிடத்துக்குச் சொல்லிக்கொடுத்தது.

பெர்லினிலிருந்து ஒரு அகதி

மைசூர் ராஜ்யத்துக்கும் ஒருவர் கிடைத்தார். 1908இல் பெர்லினில் பிறந்த யூதரான ஒட்டோ கோனிக்ஸ்பெர்கர். ஹான்ஸ் போல்சிக்கிடம் படித்தவர். ரசாயன ஆலையையும் நீர்த்தொட்டிக் கோபுரத்தையும் கலையாக்கிக் காட்டியவர் என்று பெயர் பெற்ற ஆசிரியர் அவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் மாணவருக்கு அரசாங்க வேலை போயிற்று. எகிப்தில் சில ஆண்டுகள். பிறகு 1939இல் மைசூர் அரசின் கட்டடக் கலைஞர் பதவி. வழி காட்டியது தாய்மாமன். 1935-36இல் சி.வி. ராமனின் அழைப்பில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்துவிட்டுப் போன, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பார்ன் அவர்.

திவானுக்குக் குவிமாடமும் வளைவும் பிடிக்கும். வந்தவருக்குத் தட்டையான கூரையும் நேர்கோடும். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் இருவரும் முட்டிக்கொண்டது அவரைப் பற்றிய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் யுத்தம் இந்த வழக்கில் கோனிக்ஸ்பெர்கர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1940இல் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பிறந்தது. 1942இல் இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல் துறை தொடங்கியது. துறைக்கான கட்டடத்தை அவர் வடிவமைத்தார். சிமென்ட்டும் எஃகும் கிடைக்காத காலத்தில் அலங்காரத்துக்கு யார் செலவழிப்பார்கள்? நீளமான, மெலிந்த கட்டடங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். ஜன்னலுக்கு மேல் வெயில் தடுப்பு. அழகு வேண்டுமானால் நிழலே அழகு.

மைசூரில் கற்ற இந்தப் பாடத்தோடு 1951இல் அவர் இங்கிலாந்து போனார். லண்டனில் வெப்ப மண்டலக் கட்டடக் கலைக்கென்றே ஒரு துறை உருவாவதில் முக்கியப் பங்கு வகித்தார். 1970களில் சக ஆசிரியர்களோடு எழுதிய வெப்பநாட்டு வீட்டுக் கட்டுமானக் கையேடு இந்தியக் கட்டடக் கலைக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் பாடப் புத்தகம். கண்ணாடியை எங்கே வைப்பது, நிழலை எவ்வளவு நீட்டுவது என்று இன்றைய மாணவர் போடும் கணக்கின் ஒரு வேர் மைசூர் ராஜ்யத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்தவர்களில் சிலர்தான் பெங்களூரில் மேற்கு வெயிலைப் பார்த்து முழுக் கண்ணாடிக் கட்டடங்கள் கட்டி, அதைக் குளிர்விக்க ஏர்கண்டிஷனர் பொருத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு வார இறுதி போதும்

இந்தக் கட்டடங்களின் கதி என்ன? உலகம் முழுவதும் விடை ஒரே மாதிரி இல்லை.

ஜெர்மனியின் எஸ்ஸனில் 1932இல் புதிய குழி திறந்த சோல்ஃபரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. 2001இல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். வான் நெல்லே 2014இல் அதே பட்டியலில் ஏறியது. லிங்கோட்டோவில் 1982இல் கார் உற்பத்தி நின்றது; இன்று கடைகளும் ஓட்டலும் நடக்கின்றன, மொட்டை மாடிப் பாதை இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தின் பூட்ஸ் ஆலைக்கு அந்த நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்பு.

லண்டன் ஃபயர்ஸ்டோனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆலை மூடிய பிறகு, 1980 ஆகஸ்டில், அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. இடையில் ஒரு நீண்ட வார இறுதி. அலுவலகங்கள் மூடியிருந்தன. திங்கள் விடுமுறை கழிந்து அதிகாரிகள் வந்து பார்த்தபோது முகப்பு தரைமட்டம். கொதித்த எதிர்ப்பில் 1930களின் கட்டடங்கள் அவசரமாகப் பட்டியலில் ஏற்றப்பட்டன. அதே ஆண்டு தப்பித்தது ஹூவர். பிறகு அது சூப்பர் மார்க்கெட்டாகி, அடுக்குமாடி வீடுகளாகி, எகிப்திய முகத்தோடு இன்றும் நிற்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடியது. கொஞ்ச காலம் சினிமா வில்லன்களின் கூடாரமாக வாழ்ந்தது. இப்போது அந்த மண்ணில் அடுக்குமாடிகள். இதற்கு எதிர்ப்புறம் திருச்சி பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928இல் இயங்கத் தொடங்கிய ரயில்வே பணிமனை இன்னும் அதே வேலையைச் செய்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கு 2011இல் புதிய நீராவி என்ஜினையே செய்து அனுப்பியது. அதன் கொட்டகைகளைக் காப்பாற்றியது எந்தப் பாரம்பரியக் குழுவும் அல்ல. வேலை.

மைசூரும் பொன்மலை ரகம்தான். பட்டு நெசவாலை, சந்தன எண்ணெய் ஆலை, ரயில்வே பணிமனை, பெயிண்ட் தொழிற்சாலை நான்கும் தொடங்கிய தொழிலை விடவில்லை. பொதுத்துறை என்றால் சோம்பல் என்று எழுதிக் களைத்தவர்கள் இந்த ஒரு கோணத்தைக் கவனிக்கவில்லை. தனியார் ஆலையில் நஷ்டம் வந்தால் முதலில் விலை போவது நிலம். அரசு ஆலையில் அந்த முடிவெடுக்க ஆளில்லாததே கட்டடத்துக்குக் காவலானது.

ஆனால் இந்தக் காவலுக்கு ஓட்டை உண்டு. இயங்கும் ஆலை தன் கட்டடத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஓடு உடைந்தால் தகரம். புதிய இயந்திரம் வந்தால் தூண் இடம் மாறும். வெளிச்சத்துக்கு டியூப்லைட் வந்த பிறகு வடக்குக் கண்ணாடிக்குப் பெயிண்ட் அடித்து மூடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பவருக்கு அது வேலை செய்யும் இடம், அருங்காட்சியகம் அல்ல. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல ஒரு வரைபடமாவது இருக்க வேண்டும்.

மைசூரில் பாரம்பரியக் கட்டடம் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் சரிந்து நான்கு பேர் இறந்தனர். 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதி விழுந்தது. இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று பல ஆண்டுகள் வழக்கும் வாதமும். அரண்மனைக்கும் மாளிகைக்கும் மார்க்கெட்டுக்கும் வழக்காட ஆள் இருக்கிறது. ஏனென்றால் அவற்றுக்கு முகம் இருக்கிறது. தபால் அட்டையில் அச்சாகியிருக்கின்றன. மதிலுக்குப் பின்னால் இருக்கும் ஆலைக்கு அந்தச் சிபாரிசு கிடையாது. நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். பார்க்காததை யார் நேசிப்பார்கள்?

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. உலகப் பாரம்பரியப் பட்டியல் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். நான்கு வளாகங்களையும் அளந்து வரைந்து, எந்தக் கூரை எந்த ஆண்டுக்குரியது என்று எழுதி வைக்கலாம். ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்யலாம். ஆண்டுக்குச் சில நாட்கள் வாசலைத் திறந்து விடலாம். தசராவுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் எட்டிப் பார்த்தால்கூட ஆயிரக்கணக்கானவர்கள்.

பன்னிமண்டபத்து வளாகத்துக்கு இப்போதைக்கு ஓட்டுப் பெட்டிதான் காவல். அடுத்தடுத்து தேர்தல் வரும்வரை ஆர்டர் வரும். ஆர்டர் வரும்வரை ஆலை ஓடும். அடையாளம் காண விரல் ரேகையும் கம்ப்யூட்டரும் போதும், மை எதற்கு என்று ஒரு நாள் தேர்தல் ஆணையம் முடிவெடுத்தால், மைசூர் நகரத்துக்கு நடுவே இத்தனை பெரிய நிலம் எதற்கு என்ற கேள்வி மறுநாளே வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் காகிதம் அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.